ஓடினால்தான் மென்பொருள்!

தமிழ்நாட்டில் சி மொழி படித்த எவரிடமும் அந்த நீலத் திரையைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். மேலே ஃபைல், எடிட், சர்ச், ரன் என்று சாம்பல் நிறப் பட்டை. அதன் கீழே நீலப் பின்னணியில் நிரல் வரிகள். ஓட்டிப் பார்க்க கன்ட்ரோலும் எஃப்9-ம். விடையைக் காண ஆல்ட்டும் எஃப்5-ம். விழுப்புரம் மாவட்டம் ஒலக்கூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்துத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் படிக்கப் போன பிள்ளைகளில், கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலோர் அந்தத் திரையைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள்.

அதன் பெயர் டர்போ சி++. அமெரிக்காவின் போர்லாண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட மென்பொருள். விண்டோஸ் 95 வருவதற்கு முந்தைய டாஸ் காலத்துப் பொருள். அது வெளிவந்தபோது பிறந்தே இராத மாணவர்கள் 2010களிலும் அதில்தான் செய்முறைத் தேர்வு எழுதினார்கள்.

டாஸ் போய்விட்டது. அதற்கான கணினிகள் காயலான் கடைக்குப் போய்விட்டன. பிறகு எப்படி ஓடியது அந்த மென்பொருள்?

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே வந்தது. கிராமத்து வீடுகளுக்குள் முதல்முறையாக ஒரு கணினி நுழைந்தது. நுழைந்த கையோடு ஒரு சிக்கலும் எழுந்தது. விண்டோஸ் 7-ல் டர்போ சி++ முழுத்திரைக்கு வர மறுத்தது. 64-பிட் விண்டோஸிலோ திறக்கவே மறுத்தது. காரணம் எளிது. டாஸ் காலத்து நிரல்கள் 16-பிட் செயலிக்காக எழுதப்பட்டவை. அவற்றை ஓட்டித்தரும் பகுதி 32-பிட் விண்டோஸில் இருந்தது, 64-பிட் விண்டோஸில் இல்லை. அப்போது ஒரு கோப்பு பென் டிரைவ் வழியாகக் கைமாறிக் கைமாறி விடுதி அறைகளை நிறைத்தது. டர்போ சி++ஐ உள்ளே வைத்துக் கட்டிய பொட்டலம் அது. கட்டியிருந்த துணியின் பெயர் டாஸ்பாக்ஸ்.

டாஸ்பாக்ஸ் ஓர் எமுலேட்டர். நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வீன்ஸ்ட்ரா, ஷூர்ட் வான் டெர் பெர்க் இருவரும் 2002-ல் வெளியிட்டார்கள். தேர்வு எழுதுவதற்காக அல்ல. பழைய டாஸ் விளையாட்டுகளைப் புதிய கணினியில் மறுபடி ஆடிப் பார்ப்பதற்காக. விளையாட்டுப் பித்து உருவாக்கிய ஒரு கருவிதான் விழுப்புரம் மாவட்டத்து மாணவரின் செய்முறைத் தேர்வைக் காப்பாற்றியது. பழைய மென்பொருளைப் பாதுகாப்பது என்றால் எங்கோ வெளிநாட்டு அருங்காட்சியகத்து வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்த ஓர் உதாரணம் போதும். நாம் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம், தெரியாமலே. தெரிந்து செய்யவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

வேடம் கட்டும் கணினி

எமுலேட்டர் என்ன செய்கிறது? திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் துரியோதனன் வேடம் கட்டியவர், விடியும்வரை துரியோதனனாகவே நிற்பார். அதுபோலப் புதிய கணினி பழைய கணினியாக வேடம் கட்டுகிறது. பழைய செயலி ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன செய்திருக்குமோ அதை ஒன்றுவிடாமல் செய்து காட்டுகிறது. சவுண்ட் பிளாஸ்டர் அட்டை எழுப்பிய ஒலி, விஜிஏ அட்டை காட்டிய நிறம், கீபோர்டு அனுப்பிய சமிக்ஞை எல்லாமே மென்பொருளாகவே திரும்ப எழுதப்பட்டிருக்கும். உள்ளே ஓடும் நிரலுக்கு, தான் 1992-ல் இல்லை என்பது தெரியாது. வேகத்தைக்கூடக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். இல்லையென்றால் இன்றைய செயலியின் வேகத்தில் பல பழைய விளையாட்டுகள் கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடும்.

இந்தக் கலையின் முன்னோடிகளில் ஒன்று மேம். இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களின் உள் அமைப்பை ஆவணப்படுத்துவதே அதன் நோக்கம். ஆட முடிவது அந்த ஆவணம் சரிதான் என்பதற்கான சோதனை. இந்தப் பார்வை முக்கியமானது. பழைய மென்பொருளை ஒரு தகட்டில் எழுதி அலமாரியில் வைத்தால் அது பாதுகாப்பு ஆகாது. ஓட வேண்டும். ஓடும்போது மட்டுமே அது என்னவாக இருந்தது என்பது தெரியும்.

சான்பிரான்சிஸ்கோவில் புரூஸ்டர் கேல் 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ் இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. ஜேசன் ஸ்காட் என்ற ஆவணக்காப்பாளர் முன்நின்ற முயற்சியில், எமுலேட்டர்களையே இணைய உலாவிக்குள் ஓடும்படி மாற்றினார்கள். 2013 இறுதியில் பழைய வீட்டு விளையாட்டுப் பெட்டிகள். 2014 நவம்பரில் ஏறக்குறைய 900 ஆர்கேட் ஆட்டங்கள். 2015 ஜனவரியில் 2,400 அளவுக்கு டாஸ் விளையாட்டுகள். 2016-ல் விண்டோஸ் 3.1 காலத்து நிரல்கள். எதையும் நிறுவ வேண்டாம், இறக்கவும் வேண்டாம். ஒலக்கூர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர் கைபேசியிலேயே முப்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு நிரலைத் திறந்து பார்த்துவிடலாம். 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோப் நிறுவனம் ஃப்ளாஷை நிறுத்தியபோதும் இதே வழிதான் கைகொடுத்தது. ரஃபிள் என்ற எமுலேட்டரைக் கொண்டு ஃப்ளாஷ் அசைவுப்படங்களை ஆர்கைவ் காப்பாற்றியது. ஃப்ளாஷ்பாயிண்ட் என்ற தன்னார்வத் திட்டம் லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ளாஷ் விளையாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது.

கேசட்டை ஊதிப் போட்ட தலைமுறை

1990களில் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் வளர்ந்தவர்களுக்கு விளையாட்டு என்றால் முதலில் டிவி கேம். ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த ஃபேமிகாம் பெட்டியை அப்படியே நகலெடுத்த மலிவுப் பெட்டிகள்தான் நம் ஊருக்கு வந்தவை. அதில் செருகும் பிளாஸ்டிக் பெட்டிக்குக் கேசட் என்று பெயர். ஓடவில்லை என்றால் கேசட்டை உருவி, வாயால் ஊதி, திரும்பச் செருகுவார்கள். மேரியோவும் கான்ட்ராவும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் அறிமுகம். மேலே ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே நாலைந்து ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். சொந்தமாகப் பெட்டி இல்லாதவர்கள் மணிக்கணக்குக் காசு கொடுத்து வீடியோ கேம் கடையில் ஆடினார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. எம்எஸ் ஆபீஸ், டேலி, டிடிபி வகுப்புகளுக்கு நடுவே ஆசிரியர் கண் மறைந்த நேரத்தில் டேவும் பிரின்ஸும் ஓடின. டேஞ்சரஸ் டேவ் ஜான் ரொமேரோ உருவாக்கியது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஜோர்டன் மெக்னரின் படைப்பு, 1989-ல் வெளிவந்தது. பிரின்ஸ் ஓடுவது, தாவுவது, விளிம்பைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டுப் படம்பிடித்து, அந்தப் படங்களைப் பார்த்து ஒவ்வொரு சட்டமாக வரைந்தவை.

அந்த விளையாட்டின் பிற்காலக் கதையை நம் ஊர் டிடிபிக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மெக்னர் ஆப்பிள் 2 கணினியில் எழுதிய மூல நிரலை எங்கோ தொலைத்துவிட்டார். பல ஆண்டுகள் தேடியும் கிடைக்கவில்லை. 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியை ஒழித்தபோது ஓர் அட்டைப்பெட்டியில் ஃப்ளாப்பிகள் கிடைத்தன. இருபதாண்டுக்கும் மேலாக யாரும் தொடாதவை. காந்தப் பூச்சு உதிர்ந்திருந்தால் ஒருமுறை ஓட்டினாலே அழிந்துவிடும். அதனால் மெக்னர் தானே முயன்று பார்க்காமல் ஜேசன் ஸ்காட்டையும் ஆப்பிள் 2 வல்லுநரான டோனி டயஸையும் வரவழைத்தார். ஏப்ரல் மாதத்தில் ஒரே நாளில் மூல நிரல் முழுவதும் வெளியே வந்தது. அதை மெக்னர் எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார். உலகப் புகழ்பெற்ற ஒரு விளையாட்டின் கதியே இப்படி ஓர் அட்டைப்பெட்டியை நம்பி இருந்திருக்கிறது.

மற்றவற்றின் நிலை இதைவிட மோசம். அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று சந்தையில் எந்த வடிவிலும் கிடைப்பதில்லை. பணம் கொடுத்து வாங்கவே வழியில்லாதவை. அவை ஏதோ ஒரு வடிவில் பிழைத்திருப்பது பெரும்பாலும் ரசிகர்களின் சேமிப்பால். சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் விற்ற நகல் சிடிக்களும் அந்தச் சேமிப்பின் ஒரு பங்குதான் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சட்டத்துக்குப் புறம்பானவைதான். ஆனால் பல ஆட்டங்களின் கடைசிப் பிரதி அப்படித்தான் யார் வீட்டு மேசை இழுப்பறையிலோ கிடக்கிறது.

கைபேசி விளையாட்டுகளைப் பற்றி இன்னும் அதிகம் பேர் கவலைப்படத் தொடங்கவில்லை. 2003-ல் வந்த நோக்கியா 1100-ல் ஸ்னேக்கும் ஸ்பேஸ் இம்பாக்ட்டும் இருந்தன. டார்ச் விளக்கோடு வந்த அந்த போன் உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்றது. கணினியையே தொட்டுப் பார்க்காத விவசாயத் தொழிலாளியும் வாழ்க்கையில் ஆடிய முதல் மின்னணு விளையாட்டு அதில்தான். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா ஆலை இயங்கியது; சுற்று மாவட்டங்களின் இளம்பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். தங்கள் கையால் பூட்டிய போனுக்குள் ஓடிய ஜாவா விளையாட்டுகளை இன்று ஆண்ட்ராய்டு போனில் ஜே2எம்இ லோடர் என்ற எமுலேட்டர் வழியாக ஆட முடியும். ஆனால் அந்த விளையாட்டுகளின் கோப்புகள் பழைய மெமரி கார்டுகளில் இருக்கின்றன. மெமரி கார்டு, மின்சாரமே படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மெல்ல மறந்துபோகும் பொருள்.

தமிழுக்கு என்ன நேர்ந்தது

விளையாட்டு போனால் ஒரு தலைமுறையின் நினைவு போகும். தமிழ் மென்பொருள் போனால் அதோடு சேர்ந்து அதில் எழுதியவையும் போகும். இதுதான் நமக்கான தனிச் சிக்கல்.

கணினியில் தமிழ் ஏறி நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. கனடாவில் கே. சீனிவாசன் 1984-ல் ஆதமியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் முரசைக் கொண்டுவந்தார். சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் 1990களின் முற்பகுதியில் மயிலை எழுத்துருவை இலவசமாகவே எல்லோருக்கும் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனோடு 1995-ல் தமிழை இணையத்தில் ஏற்றினார். சென்னையிலிருந்து 2000-ல் அழகி வந்தது. எல்லாமே தனிமனிதர்களின் உழைப்பு. அரசோ பெருநிறுவனமோ கேட்டுச் செய்யப்பட்டவை அல்ல. வேலை முடிந்து வீடு திரும்பி, இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, விசைப்பலகையில் பொருத்தி, தெரிந்தவர்களுக்கு ஃப்ளாப்பியில் அனுப்பியவர்கள் இவர்கள்.

ஆனால் ஒவ்வொருவரும் ‘அ’வை ஒவ்வோர் எண்ணில் வைத்தார்கள். ஒரு மென்பொருளில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கல்தான் வரும். 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. இணையத் தமிழர்கள் திஸ்கியைக் கொண்டுவந்தார்கள். ஈழத்தவர் பாமினியில் எழுதினார்கள். தமிழ்நாட்டு அலுவலகங்கள் வானவில்லில் எழுதின. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போதுதான் யூனிகோடும் டேஸ் 16-ம் அரசின் தரம் என்று ஆணை பிறந்தது.

வெறும் எழுத்து மட்டும் இருந்த கோப்புகள் பிழைத்துக்கொண்டன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அதற்குச் சான்று. பழைய குறியேற்றங்களில் உள்ளிட்ட சங்க இலக்கியத்தையும் பிற நூல்களையும் அவர்கள் திஸ்கிக்கும் பிறகு யூனிகோடுக்கும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் அந்த வேலையைச் சாமானியருக்கும் எளிதாக்கின.

பிழைக்காதது எது? ஒலக்கூர் வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு வீட்டுக் காதுகுத்துக்கும், ஒரு தீமிதித் திருவிழாவுக்கும், ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நோட்டீஸ் அடிக்கத் திண்டிவனத்துக்குப் போகிறார்கள். அங்கே டிடிபி சென்டரில் அது பேஜ்மேக்கரில் வடிவம் பெறுகிறது. கிராமத்துத் திரௌபதி அம்மன் திருவிழா அழைப்பிதழை எடுத்துப் பார்த்தால், எந்த இரவில் எந்தக் கூத்து, எந்த ஊர் நாடக மன்றம், யார் உபயம், எந்தத் தெருவாருக்கு எந்த நாள் மண்டகப்படி என்று எல்லாமே இருக்கும். ஓர் ஊரின் சமூக வரலாற்றை எழுத நினைப்பவருக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. அச்சடித்த தாள் ஒரு மாதத்தில் பொட்டலம் மடிக்கப் போய்விடுகிறது. கோப்பு மட்டும் கணினியில் மிச்சம் இருக்கிறது. சிறுபத்திரிகைகள், கல்லூரி ஆண்டுமலர்கள், உள்ளூர்க் கவிஞர் சொந்தக் காசில் போட்ட கவிதைத் தொகுப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அந்தக் கோப்பைத் திறக்க மூன்று சாவிகள் வேண்டும். முதலாவது பேஜ்மேக்கர். ஆல்டஸ் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்தது. 1994-ல் அடோப் கைக்குப் போனது. 2001-ல் வந்த 7.0-தான் கடைசிப் பதிப்பு. அதற்கு வாரிசாக வந்த இன்டிசைனின் புதிய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதில்லை. இரண்டாவது, அதே எழுத்துரு. 1990களின் பல எழுத்துருக்கள் டைப் 1 வகை. 2023 ஜனவரியோடு அடோப் தன் மென்பொருள்களில் அதற்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. மூன்றாவது, சில மென்பொருள்களுக்கான பூட்டு. கணினியின் பின்புறம் பிரின்டர் ஒயர் மாட்டும் இடத்தில் செருகும் சிறு கட்டி அது. அது தொலைந்தால் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் திறக்காது.

இம்மூன்றும் ஒருசேர இருக்கும் இடம் பழைய விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பி கணினி ஒன்றுதான். அந்தக் கணினியின் மதர்போர்டு போனால் கதை முடிந்தது. ஆனால் அதன் ஹார்டு டிஸ்கை முழுவதுமாக ஒரு பிம்பக் கோப்பாக நகலெடுத்து, 86பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் ஏற்றினால், பூட்டு கேட்காத மென்பொருளாக இருக்கும்வரை, அதே விண்டோஸ், அதே பேஜ்மேக்கர், அதே எழுத்துரு, அதே அழைப்பிதழ் அப்படியே எழுந்து வரும். அங்கிருந்து பிடிஎஃப் ஆக்கலாம். எழுத்தைப் பிரித்து யூனிகோடுக்கு மாற்றலாம். பழைய விளையாட்டுகளுக்காக வளர்ந்த கலை, நம் ஊர்த் தீமிதி நோட்டீஸுக்கு வந்து சேரும் இடம் இது.

பக்கத்து ஊரில் ஒரு முன்னோடி

விழுப்புரம், புதுச்சேரி எல்லையில் இன்னொரு புதையல் இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் கனடாவின் ஐடிஆர்சி அமைப்பு உதவியோடு அங்கே தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரை மையமாக வைத்து எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் தகவல் மையங்கள் அமைந்தன. தொலைபேசியே அரிதான காலத்தில் வானொலி அலைவழியாகக் கணினித் தரவு ஊருக்கு ஊர் போனது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அரசுத் திட்டங்கள், தானிய விலை, மருத்துவர் விவரம் என்று கிராமத்தாருக்கு வேண்டிய தரவுத்தளங்களைத் தமிழிலேயே கட்டினார்கள். மையங்களை நடத்தியவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளில் பேசப்பட்ட திட்டம் இது. அந்தக் கட்டுரைகள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் ஒரு கிராமத்துப் பெண் 1999-ல் எந்தத் திரையைப் பார்த்து, எந்தப் பொத்தானை அழுத்தி, நெல் விலையைத் தேடினார் என்பதைக் கட்டுரை காட்டாது. அதை அந்த மென்பொருள் மட்டுமே காட்டும்.

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இக்கோயிலைக் குடைந்ததாக ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே வெட்டி வைத்திருக்கிறான். எது அழியும் என்று யோசித்து, அழியாததைத் தேர்ந்தெடுத்த மனிதன். அவன் கல்வெட்டு இன்றும் நிற்கிறது. ஆனால் கிரந்த எழுத்தும் வடமொழியும் தெரிந்த ஒருவர் துணை இல்லாமல் வழிப்போக்கருக்கு அது வெறும் கோடுகள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் காக்கப்படும் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் ஓலையைக் காப்பது ஒரு வேலை, படிக்கத் தெரிந்தவரை உருவாக்குவது இன்னொரு வேலை. மென்பொருளுக்கு ஃப்ளாப்பியைக் காப்பது முதல் வேலை. இரண்டாவது வேலையை எமுலேட்டர் செய்கிறது.

சட்டத்தின் ஓட்டை

மென்பொருளைக் காக்க வேண்டிய நூலகங்கள் ஏன் அதைச் செய்வதில்லை? விருப்பமின்மை மட்டும் காரணமல்ல. 1954-ம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு வந்து சேர வேண்டும். 1956 திருத்தத்தில் செய்தித்தாள்களும் சேர்ந்தன. மென்பொருள் சேரவில்லை. காப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்றே கருதுகிறது. அதாவது பாதுகாப்பு உரிமை உண்டு, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை. ஆனால் இலக்கியத்துக்குக் கிடைக்கும் நூலக இடம் அதற்குக் கிடையாது.

2012-ல் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் ஒரு நல்ல விதிவிலக்கு வந்தது. வணிக நோக்கமற்ற பொது நூலகம், பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்னணு வடிவில் சேமிக்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை: அந்தப் படைப்பின் மின்னணு அல்லாத பிரதி நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். புத்தகத்துக்கு இது சரியான நிபந்தனை. மென்பொருளுக்கு மின்னணு அல்லாத பிரதி எங்கே இருக்கும்? பிறக்கும்போதே மின்னணுவாகப் பிறந்த பொருள் அது. இந்த ஒரு நிபந்தனையால் மென்பொருள் முழுவதுமே விதிவிலக்குக்கு வெளியே நிற்கிறது. சட்டப்படி வாங்கியவர் தனக்காக ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. அந்த உரிமை அவரோடு நின்றுவிடும். பிறந்ததே மின்னணுவான படைப்புகளுக்கும் நூலக விதிவிலக்கு உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் போதும், தமிழ்நாட்டு நூலகங்களின் கை அவிழ்ந்துவிடும். நாடாளுமன்றத்தில் இதைக் கேட்கத் தமிழ்நாட்டு உறுப்பினர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

அமெரிக்காவிலும் வழி சுலபமில்லை. பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே நூலகத்தின் வழியாகப் பார்க்க அனுமதி கேட்டதை அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. அதே மாதம் இன்டர்நெட் ஆர்கைவ் மீது நடந்த இணையத் தாக்குதலில் தளம் பல நாள் முடங்கியது. 3 கோடியே 10 லட்சம் பயனர் கணக்குகளின் விவரம் கசிந்தது. ஒரே ஓர் இடத்தை நம்பி எல்லாவற்றையும் வைக்கக் கூடாது என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நேரில் அறிந்த சமூகத்திலிருந்துதான் 2005-ல் நூலகம் என்ற எண்ணிம நூலகத் திட்டம் முளைத்தது.

எங்கிருந்து தொடங்குவது

ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1994-ல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், சினிமாப் பாட்டுப் புத்தகமும் நாடக நோட்டீஸும் ஆவணம்தான் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்திடம் எண்ணிம நூலகம் நடத்தும் அனுபவம் இருக்கிறது. விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுக்கொடுத்து வருகிறது. டாஸ்பாக்ஸும் 86பாக்ஸும் மேமும் கட்டற்ற மென்பொருள்களே. கருவிக்குச் செலவு இல்லை. கற்றுக்கொண்டு செய்யும் கை மட்டும் வேண்டும், அது அந்த மாணவர்களிடம் இருக்கிறது.

திண்டிவனத்திலோ ஒலக்கூரிலோ ஒரு டிடிபிக்காரர் இன்று செய்யக்கூடியது சிறியது. பழைய கணினியை எடைக்குப் போடுமுன் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைக்கலாம். ஃப்ளாப்பியை ஃபார்மட் செய்யாமல், பூஞ்சை பிடித்திருந்தால் டிரைவில் போட்டுச் சுழற்றாமல் தனியே எடுத்து வைக்கலாம். மூன்றரை அங்குல ஃப்ளாப்பிக்கு யுஎஸ்பி டிரைவ் இன்றும் கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குலமானால் பழைய டிரைவும் கிரீஸ்வீசில் என்ற சிறு அட்டையும் வேண்டும். மேலே ஒட்டிய லேபிளைப் படம் எடுக்க வேண்டும், கையால் எழுதியிருந்தாலும். மென்பொருளோடு வந்த கையேட்டைத் தூக்கி எறியக் கூடாது. எந்த விசையில் எந்த எழுத்து என்பது பல சமயம் அதில் மட்டும்தான் இருக்கும். வாடிக்கையாளர் வீட்டு அழைப்பிதழில் பெயரும் முகவரியும் இருப்பதால், அவர்கள் சம்மதம் இல்லாமல் எதையும் பொதுவில் ஏற்றவும் கூடாது. சேமித்து வைப்பது வேறு, வெளியிடுவது வேறு.

நிறுவனங்கள் செய்ய வேண்டியதில் முதலாவது ஒரு பட்டியல். 1984-லிருந்து வந்த தமிழ் மென்பொருள்கள், எழுத்துருக்கள், விளையாட்டுகள் எவை, எந்தெந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தக் குறியேற்றம், உருவாக்கியவர் யார், பிரதி யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல். 2000-ல் தொடங்கிய உத்தமம் அமைப்பின் மாநாடுகளில் கால் நூற்றாண்டாக இவற்றை உருவாக்கியவர்கள் கூடிப் பேசி வந்திருக்கிறார்கள். பட்டியலைத் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை. உருவாக்கியவரிடம் எழுத்தில் ஓர் அனுமதி வாங்கிவிட்டால் சட்டச் சிக்கலில் பாதி தீரும். அவர்களில் பலர் அன்றே இலவசமாகக் கொடுத்தவர்கள். கேட்டால் மறுக்கக் காரணம் இல்லை. கேட்பதில் காட்டும் தாமதம்தான் ஆபத்து. கணியனை உருவாக்கிய நா. கோவிந்தசாமி 1999-லேயே மறைந்துவிட்டார்.